குளக்கட்டும் காவலும்

கல்குடா என்றவுடன் கேட்போர் நெஞ்சில் முதலில் எழுவது கடலின் தோற்றமே. அலையடங்கிய பாசிக்குடாவும், அதன் அயலிலே வளைந்து கிடக்கும் கல்குடாவும், அவற்றின் வெண்மணலும் தென்னஞ்சோலைகளும் பல தேசத்தாரையும் அங்கே அழைத்து வருகின்றன. ஆனால், கடலைப் பார்த்தவண்ணம் நிற்கும் பிரயாணி தன் முதுகுப்புறத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறத்திலேதான் வாழைச்சேனை வாவியும், வாவிக்கப்பால் வயல்வெளிகளும், அவ் வயல்களுக்கு நீருதவும் வாகனேரிக் குளமும் இருக்கின்றன. இன்னும் தெற்கே செல்வோமாயின் உறுகாமம், உன்னிச்சை, நவகிரி என்று குளங்களின் வரிசை நீளும். பாடும் மீன் வாழும் வாவியினால் மட்டக்களப்பு நாடு புகழ்பெற்றது உண்மையே. எனினும், அந்நாட்டாருக்குச் சோறிடுவது வாவியன்று, குளமே.

குளம் என்பது யாது? இரு மேடுகளுக்கு நடுவே ஓடும் அருவியை மறித்து மண்ணாலே எழுப்பிய ஒரு நெடுங் கட்டு. நீரை வேண்டும் அளவில் வெளிவிட ஒரு மதகு. மிகுந்த வெள்ளம் தானே வழிந்தோட ஒரு வான். இம்மூன்றுந்தாம் குளம். பார்ப்பதற்கு எளிய அமைப்பு. ஆனால் அந்த எளிமையே ஏமாற்றக்கூடியது. கருங்கல்லாற் கட்டிய அணையைப் பார்ப்பவன் அது மனிதன் செய்த பொருள் என்பதை மறப்பதில்லை. மண் கட்டோ பத்து மாரி கண்டபின், புல்லும் பற்றையும் படர்ந்து, இயற்கையாய் அமைந்த ஒரு மேடு போலவே தோன்றுகின்றது. மேட்டுக்குக் காவல் எதற்கு என்று மனிதன் எண்ணத் தலைப்படுகின்றான்.

முற்காலத்தில் குளக்கட்டிலே கால் வைத்தவன் உழவன் ஒருவனே. இக்காலத்திலோ குளம் இன்னொரு தொழிலையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. மாரியிலே குளம் நிரம்பி வான் பாய்கின்றது என்ற செய்தி பரவினால், குடும்பம் குடும்பமாக மக்கள் அதைக் காண வருகின்றனர். சிறுவர் நீராடுகின்றனர், பெரியோர் கட்டின் மேலிருந்து சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றனர். இதிலே குற்றமொன்றுமில்லை. நீரைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. ஆயினும் ஒரே கட்டினை இருவர் இருவிதமாகப் பார்க்கின்றனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். வந்தவர் நீர்ப்பரப்பைப் பார்க்கின்றார்; உழவன் கட்டின் அடிவாரத்தைப் பார்க்கின்றான்.

பொழுதுபோக்குக்கென்றே நீரைத் தேக்கும் வழக்கமும் இப்பக்கத்து நாடுகளுக்குப் புதிதன்று. உதகமண்டலத்து ஏரியை 1820ஆம் ஆண்டுகளிலே ஜோன் சல்லிவன் அமைப்பித்தார். கொடைக்கானல் ஏரி 1863இலே லெவிஞ்சு என்பவரது முயற்சியால் உண்டாயிற்று. இலங்கையிலே, தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரி 1873ஆம் ஆண்டளவிலே நுவரெலியாவின் சதுப்பு நிலத்தைத் திருத்தி ஏற்படுத்திய வாவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. படகு விடவும், கரையோரம் உலாவவும், மீன் பிடிக்கவும் இவை பயன்படுகின்றன. உழவுக்கு அமைந்த குளத்துக்கும் உல்லாசத்துக்கு அமைந்த குளத்துக்கும் மண்ணிலே வேற்றுமையில்லை, கட்டிலே வேற்றுமையில்லை. ஒரேயொரு வேற்றுமைதான் உண்டு. உழவுக் குளத்துக்கு ஓர் உழவன் இருக்கின்றான். அக் குளம் உடைந்தால் அவனுடைய வயிறு காயும். ஆகையாலே நள்ளிரவிலும் அவன் எழுந்து சென்று பார்ப்பான். உல்லாசக் குளத்துக்கு அத்தகைய ஒருவன் இல்லை. அதை அனுபவிப்பவர் மேலே இருக்கின்றனர். அது உடைந்தால் அழிபவர் கீழே இருக்கின்றனர். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்திலே உண்டு. அங்கே சவுத் போர்க் என்னுமிடத்தில், கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் சேமிக்கும் பொருட்டு, மாகாண அரசினர் 1838இலே ஒரு மண் அணையைக் கட்டத் தொடங்கி 1853இலே முடித்தனர். 72 அடி உயரமும் 900 அடிக்கு மேற்பட்ட நீளமும் உடைய அணை அது. கட்டி முடித்த காலத்தில் இரயில் வண்டி வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலையில்லாது போயிற்று. அணை கைமாறிற்று; 1862இலே ஒரு பகுதி உடைந்து, திருத்துவாரின்றிக் கிடந்தது. பின்பு அதனை வாங்கிய ஒருவர், அணையின் அடியிலே நீரை வெளிவிடுவதற்கு வைத்திருந்த ஐந்து இரும்புக் குழாய்களையும் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். மதகில்லாத குளம் எப்படியிருக்கும் என்பதை மட்டக்களப்பு உழவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. நிரம்பிய நீரைக் குறைக்க வழியே கிடையாது.

1879இலே பெஞ்சமின் றவ் என்பவர் அதனை வாங்கி, பிற்ஸ்பேர்க் நகரத்துச் செல்வர்களுக்காக மீன்பிடிக் கழகமொன்றை நிறுவினார். அன்றூ கார்னெகி, ஹென்றி பிரிக் முதலிய பெருஞ் செல்வர்கள் அக் கழகத்திலே அங்கத்தவராயினர். உடைந்த இடத்தை மண், பாறை, வைக்கோல், சருகு என்று கையிற் கிடைத்ததையெல்லாம் இட்டு அடைத்தனர். குழாய்களை மீண்டும் வைக்கவில்லை. கட்டின் உச்சியிலே இரு குதிரை வண்டிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல வேண்டுமென்று உச்சியைத் தாழ்த்தி அகலமாக்கினர். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பி ஓடாதிருக்க வானின் குறுக்கே வலைத் தடுப்புக்களை நிறுத்தினர். கட்டின் நடுப்பகுதியோ நாளடைவில் சற்றே தாழ்ந்தும் போயிற்று. இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறிய காரியந்தான். ஒவ்வொன்றும் ஒரு வசதியைக் கருதிச் செய்ததே. தீய எண்ணத்தோடு எவரும் எதையும் செய்யவில்லை.

அணைக்குப் பதினான்கு மைல் கீழே, ஏறக்குறைய 450 அடி தாழ்வான பள்ளத்தாக்கிலே ஜோன்ஸ்ரவுண் என்னும் இரும்பாலை நகரம் இருந்தது. அந்நகரத்து இரும்புக் கம்பனியின் தலைவர் டானியேல் மொறெல் என்பவர் ஐயமுற்று, 1880இலே ஜோன் புல்ரன் என்னும் நிபுணரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை வெளிவிடக் குழாயில்லை. திருத்த வேலை முறையாகச் செய்யப்படவில்லை. இவ்விரு குறைகளையும் புல்ரன் தெளிவாக எழுதினார். கழகத்தின் மறுமொழி, தங்கள் முயற்சியாலே கீழே உள்ளார்க்கு எவ்வித ஆபத்துமில்லை என்பதே. திருத்துஞ் செலவிலே தாமும் பங்கேற்பதாக மொறெல் கூறியும் கழகத்தார் இசையவில்லை. அவர்களை இசைவிக்கக்கூடிய ஓர் அதிகாரி அக்காலத்து அந்த மாகாணத்தில் இல்லை. நிபுணரின் அறிக்கை இருந்தது. அதனை நிறைவேற்றும் கை இல்லை. மொறெல் 1885இலே காலமானார். விஷயமும் அவரோடு அடங்கிற்று.

1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள். முதல் நாள் இரவு தொடங்கிய பெருமழையாலே ஏரி ஏறிக்கொண்டே வந்தது. கழகத் தலைவர் அங்கர் என்பவர் கூலியாட்களைக் கூட்டி, கட்டின் உச்சியிலே மண்ணை அள்ளிப் போட்டார். வானிலே குப்பை அடைத்துக்கொண்ட வலைகளை அகற்ற முயன்றார். ஜோன் பார்க் என்னும் இளம் எந்திரி குதிரை மேல் ஏறி அயலூருக்கு ஓடித் தந்தியடிக்கச் செய்தார். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அணை உடையப் போகின்றது என்ற வதந்தியைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த ஜோன்ஸ்ரவுண் வாசிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிற்பகல் மூன்று மணி கழிந்து சில நிமிடங்களில் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளம் நகரத்திலே புகுந்தது. இறந்தோர் 2,209 பேர். அவர்களுள், ஒருவரும் மிஞ்சாது முழுக் குடும்பமாகவே அழிந்தவை 99 குடும்பங்கள்.

கழகத்தார்மீது தொடுத்த வழக்குகள் எவையும் வெற்றிபெறவில்லை. தெய்வச் செயல் என்று சொல்லப்பட்டது. இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1868இல், இங்கிலாந்திலே பிரபுக்கள் சபையானது, நீர்த்தேக்கமொன்று உடைந்து அயலவனது சுரங்கத்துக்குக் கேடு விளைத்த வழக்கிலே, கேடு விளைக்கக்கூடிய பொருளைத் தன் நிலத்திலே கொண்டுவந்து தேக்குபவன் அது தப்பிச் செல்வதனால் வருங் கேட்டுக்குத் தானே பொறுப்பாளி என்று தீர்த்திருந்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் பல அக் கோட்பாட்டை ஏற்கத் தொடங்கியது ஜோன்ஸ்ரவுண் அழிந்த பின்னரே. மழை தெய்வச் செயலாயிருக்கலாம். குழாயை விற்றது எத் தெய்வம்?

இது தொலைதூரத்துக் கதை என்று கிழக்கிலங்கையார் அமைதியடைய இயலாது. மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை மாவட்டத்திலே கந்தளாய்க் குளம் இருக்கின்றது. குளக்கோட்டு மன்னன் கட்டியதென்று கோணேசர் கல்வெட்டு கூறும். இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதென்று வரலாற்றாசிரியர் கூறுவர். கட்டியவர் யார் என்று வாதிடுவதிலே கற்றோர் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கேனும் கட்டைக் காப்பதிலே காட்டப்பட்டிருப்பின் நன்றாயிருந்திருக்கும். ஏறக்குறைய 14,000 அடி நீளமும் 50 அடிக்கு மேல் உயரமும் உடைய அந்த மண் கட்டு, 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவிலே உடைந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரமும் நிறைவுறாத நாள். உறங்கிக்கொண்டிருந்தோர் உறக்கத்திலேயே அள்ளுண்டு போயினர். 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர் நெல்வயல் பாழாயிற்று. பின்பு கட்டு மீண்டும் கட்டப்பட்டது.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்திலே நாச்சதுவைக் குளமும் வேறு பல குளங்களும் உடைந்தன. அது அடைமழைக் காலம். வானால் வழிந்தோட முடியாத வெள்ளம் கட்டின் மேலாகப் பாய்ந்து அதனைக் கரைத்தது. மண் கட்டுக்கு அதனினும் கொடிய பகையில்லை. ஆனால் கந்தளாய் உடைந்தது மாரி ஓய்ந்த காலத்திலே. பாரமேற்றிய பெரிய வண்டிகள் கட்டின்மேல் ஓடியது அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று எனச் சொல்லப்பட்டது. நீரைத் தாங்குவதற்கென அமைந்த கட்டைத் தெருவாக்கினால் அது தெருவாகவும் நில்லாது, கட்டாகவும் நில்லாது. சவுத் போர்க்கிலே குதிரை வண்டி. கந்தளாயிலே பார வண்டி. காலம் மாறினும் ஆசை மாறவில்லை.

மண் கட்டு உள்ளிருந்து உடைவது எவ்வாறு என்பதை அறிந்துகொள்வது பெரிய கல்வியன்று. எந்த மண் கட்டிலும் நீர் சிறிது கசியும். கசிவது தவறன்று. நன்றாக அமைந்த கட்டிலே கசியும் நீர் மெல்ல ஊர்ந்து, மண்ணை விட்டுத் தான் மட்டும் வெளியே வரும். எங்கேனும் ஒரு துளை, ஒரு வெடிப்பு, உக்கிப்போன ஒரு வேர் இருந்தால் நீர் அவ்வழியை நாடும், ஓடும் விசையிலே மண்துகளை இழுத்துச் செல்லும், துளை பெருக்கும், பெருத்த துளையிலே விசை இன்னும் பெருகும். மதகுக் குழாயை ஒட்டிய மண் இறுகாதிருக்குமாயின் அக் குழாயோரமே கள்வழியாகிவிடும். கறையான் புற்று, நண்டு வளை, எலி வளை, உடும்புப் பொந்து ஆகிய யாவும் நீருக்குக் கதவு திறந்து வைப்பனவே. மாடுகள் நாடோறும் ஏறியிறங்கும் தடத்திலே கட்டின் உச்சி தேய்ந்து தாழும். வெள்ளம் வரும்போது முதலில் வழிவது அத் தடத்தினூடாகவே. மரம் நடுவது புண்ணியமென்று எண்ணிக் கட்டின் சரிவிலே மரம் வைப்போரும் உளர். மரம் நிற்கும்வரை காற்று அதனை அசைத்து மண்ணைத் தளர்த்தும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளியிலே வேரோடு சாய்ந்தால் கட்டின் ஒரு பங்கை வாரிக்கொண்டு போகும். பட்டுப்போனால் வேர் உக்கிய இடமெல்லாம் குழாயாகும். புண்ணியம் செய்ய ஊரிலே வேறு இடமில்லாமற் போகவில்லை.

இவற்றையெல்லாம் முன்னையோர் அறிந்தேயிருந்தனர். வயலுடையார் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்பக் கட்டிலே ஒரு பங்கைச் செப்பனிடவேண்டுமென்பது பழைய வழக்கம். மட்டக்களப்பு நாட்டிலே வட்டை விதானையார் நீரைப் பங்கிடுவார். அவருக்குரிய ஊதியம் களத்திலே நெல்லாக அளக்கப்பட்டது. குளம் நின்றாலன்றி அவருக்கு நெல்லில்லை. இதைவிடச் சிறந்த மேற்பார்வைச் சட்டத்தை எவர் எழுத முடியும்? தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்திலே, 1856இல், நீர்ப்பாசனச் சட்டம் இயற்றியபோது புதிதாக ஒன்றைக் கற்பிக்காது, வழக்கொழிந்து போன பழைய முறைகளுக்கே உயிர்கொடுக்க முற்பட்டனர் என்பது நினைவிலிருத்தத் தக்கது. 1900ஆம் ஆண்டிலே நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றிற்று. பெருங் குளங்கள் அதன் பொறுப்பாயின. 200 ஏக்கருக்குட்பட்ட வயலுக்கு நீர்தரும் சிறு குளங்களோ கமநலத்துறையைச் சார்ந்தன. அவற்றின் அன்றாடக் காவல் கமக்காரர் அமைப்புக்களைச் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டத்திலே, ஆபத்து மிகுந்தவையெனக் கண்ட 32 பேரணைகள் திருத்தத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் பேரணையைக் காணும் கண்ணுக்குச் சிற்றணை தென்படுவதில்லை.

இது இலங்கைக்கு மாத்திரம் உரிய குறையன்று. இந்தியாவிலே 2021ஆம் ஆண்டில் நிறைவேறிய அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீற்றருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீற்றர் வரையுள்ளவற்றுட் சிலவற்றையுமே கருதுகின்றது. அதனினும் குறைந்தவை சட்டத்தின் வாயிலிலே நிற்பன. பிரித்தானியர் வேறு அளவுகோல் கொண்டனர். வேல்ஸ் நாட்டு டொல்காரொக் என்னும் ஊரிலே 1925இல் இரண்டு அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து 16 பேர் மாண்டபின், 1930இலே அவர்கள் இயற்றிய சட்டம் அணையின் உயரத்தைக் கேட்கவில்லை. அது தேக்கும் நீரின் அளவையே கேட்டது. உழவுக்கோ, குடிநீருக்கோ, ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டத்து அழகுக்கோ, எதற்காகத் தேக்கினாலும், குறித்த அளவுக்கு மேற்பட்ட நீர் நிலமட்டத்துக்கு மேலே நிற்குமாயின், தகுதிபெற்ற எந்திரியொருவர் பத்தாண்டுக்கு ஒரு முறையேனும் அதனைப் பார்வையிட்டு எழுத்திலே சான்று தரவேண்டும். இம்முறையே அறிவுக்குப் பொருந்தியது. நீருக்குத் தான் தேங்கியிருப்பது எதற்காக என்பது தெரியாது.

அமெரிக்கரும் ஜோன்ஸ்ரவுணோடு பாடத்தை முற்றக் கற்றுவிடவில்லை. ஜோர்ஜியா மாகாணத்துத் தொக்கோவா என்னும் ஊரிலே ஒரு சிறு மண் அணை இருந்தது. மின்சாரம் எடுப்பதற்கு உதவிய அவ்வணை, 1957இலே அத்தொழில் நின்றபின், வெறும் உல்லாச ஏரியாகக் கிடந்தது. கட்டின் சரிவிலே மரங்கள் வளர்ந்தன. 1977 நவம்பர் 6ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையிலே அது உடைந்து, கீழேயிருந்த வேதக் கல்லூரியின் வளவிலே 39 பேரைக் கொன்றது. அவருட் பலர் சிறுபிள்ளைகள். அதன் பின்னரே ஜனாதிபதி கார்ட்டர், தனியார் அணைகளுள் ஆபத்து மிகுந்தவற்றையெல்லாம் பார்வையிடும்படி பணித்தார். வேலை முடிந்த அணையே வேலை செய்யும் அணையினும் பொல்லாதது என்பதற்கு இரண்டு சான்றுகள், எண்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில்.

கல்குடாப் பகுதியிலே போர் ஓய்ந்தபின் உல்லாச விடுதிகள் பெருகியுள்ளன. கடலோரம் நிறைந்தால் விருந்தினருக்குக் காட்டுவதற்கு உள்நாட்டிலும் நீர்நிலை தேடுவர். ஓர் ஓடையை மறித்துப் படகு விடலாம் என்று எவரேனும் நாளை எண்ணுவது இயல்பு. எண்ணட்டும். தடுக்கவேண்டியதில்லை. ஆனால் அவர் அமைக்கும் வான், படகுத் துறையின் அழகுக்கு இசைய அமையாது, மாரி மழையின் அளவுக்கு இசைய அமைதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு தைமாதத்திலே மட்டக்களப்பு மாவட்டம் எவ்வாறு நீரில் மூழ்கிக் கிடந்தது என்பதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டால் அளவு தெரியும். ஏரியை முற்றாக வற்றச்செய்யக்கூடிய மதகு ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். கீழே எத்தனை குடில்கள் உள்ளன, அவற்றிலிருப்போர் இரவிலே எவ்வழியால் மேட்டுக்கு ஏறுவர் என்பதைக் கட்டுமுன்னரே எழுதிப் பிரதேச செயலகத்திலே வைத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டைச் சுற்றிவரும் ஆள் ஒருவருக்குப் பெயர் இருக்கவேண்டும். 'நிருவாகம் கவனிக்கும்' என்பது பெயரன்று.

அவ்வாள் பெரிய படிப்பாளியாயிருக்க வேண்டுவதில்லை. மழைக்காலத்திலே நாடோறும், கோடையிலே வாரம் ஒரு முறை, அவர் கட்டின் உச்சிமேல் ஒரு தரமும் அடிவாரத்திலே ஒரு தரமும் நடப்பார். உச்சியிலே நடக்கும்போது நேர்கோடாய் இருந்தது எங்கேனும் தாழ்ந்திருக்கின்றதா என்று பார்ப்பார். அடிவாரத்திலே, கோடையிலும் பசுமை மாறாத புல் எங்கே நிற்கின்றது என்று பார்ப்பார். அங்கே கசிவு இருக்கின்றது. ஒரு குச்சியை நட்டு, நாளுங் குறிப்பெடுப்பார். பிறகு, கசிந்து வரும் நீரிலே சிறிதைக் கண்ணாடிப் போத்தலொன்றில் ஏந்தி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நீர் தெளிவாயிருந்தால் திகதியிட்டு எழுதிவிட்டு வீடு செல்வார். கலங்கலாயிருந்தால், போத்தலின் அடியிலே மண் படியுமாயின், மதகைத் திறந்துவிட்டு, கீழே உள்ள வீடுகளின் கதவைத் தட்ட ஓடுவார்.